பின்னால் வரச் சொன்ன குரல்

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். அன்று ஆஸ்திரேலியாவில், லியனோரா ஊருக்கு வடக்கே அந்தப் புதர்க்காட்டில் இருந்தவன் நான். நடந்ததை அப்படியே சொல்கிறேன். இது பட்டப்பகலில் நடந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நானும் டார்சியும் தங்கம் தேடுகிறவர்கள். செயற்கைக்கோள் படத்தில் மண்ணின் நிறம் மாறியிருக்கும் இடங்களைப் பிடிப்போம். பிறகு நேரில் போய்க் கல்லை உடைத்துப் பார்ப்போம். அன்றைய படத்தில் வெளிறிய களிமண் திட்டு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அடியில் தங்கம் இருந்தால் சில இடங்களில் மேல்மண் அப்படி வெளுக்கும். டார்சிக்கு வாயெல்லாம் பல்.

மணி மூன்று இருபது. அவன் ரேடியோவோடு புதருக்குள் நடந்தான். நான் வண்டியில் இருந்தபடி திரையைப் பார்த்து வழி சொன்னேன். படத்தின் மேல் அவன் ஒரு நீலப் புள்ளியாக நகர்ந்தான்.

"ஹேமிஷ், ஒரே முள்ளுடா. நீ ஏசியில உக்காந்துக்கிட்டு ஜம்முனு வழி சொல்ற."

"வாயை மூடிட்டு நட. கிட்ட வந்துட்ட."

திட்டின் ஓரமாகக் கடந்துபோய், அங்கிருந்த பாறையைப் படம் எடுக்க நின்றான். அப்போதுதான் நான் திரையைப் பெரிதாக்கினேன். திட்டின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. அது இயற்கையான திட்டே இல்லை. எந்தக் காலத்திலோ தோண்டிக் கொட்டிய மண். கறுப்பாகத் தெரிந்தது, மூடாமல் விட்ட சுரங்கக் குழி.

எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் பின்பக்கமாக அடி வைக்க மாட்டார்கள். படம் எடுக்கக்கூட. பழைய குழிகள் அப்படித்தான் ஆளை விழுங்கும்.

"டார்சி, அசையாத. உன் முதுகுக்குப் பின்னாடி குழி."

கர்ர்ர்... என்று இரைச்சல். பிறகு அவன் குரல்.

"பின்னாடியா? சரி."

"வராதன்னு சொல்றேன்டா!"

"இன்னும் கொஞ்சமா? சரி... நீதான் மேலேருந்து பாக்குறியே."

நான் அப்படிச் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை.

நீலப் புள்ளி கறுப்பை நோக்கி நகர்ந்தது.

"யார்கிட்டடா பேசுற?"

அவன் சிரித்தான். "சரி, சரி. வர்றேன்."

இன்னும் நகர்ந்தது...

ஹாரனை அழுத்தினேன். விடாமல் அழுத்தினேன்.

புள்ளி நின்றது.

ஓடினேன். குழி விளிம்பில் அவன் குதிகால் பாதி அந்தரத்தில் இருந்தது. சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஹாரன் அடிச்சது நீயா?"

"நான்தான்."

"அப்போ... 'அந்தச் சத்தத்தைக் கண்டுக்காத, வா வா'ன்னு சொன்னது யாரு? உன் குரல்டா அது."

குழியைப் பற்றித் தகவல் கொடுத்தோம். மீட்புக் குழுவினர் இறங்கி, ஒரு மனிதனின் எலும்புகளையும் துருப்பிடித்த ரேடியோவையும் மேலே கொண்டுவந்தார்கள். பெயர் கிளெம். 1986-இல் காணாமல் போனவன். விழுந்த கணமே கழுத்து முறிந்து செத்திருக்கிறான் என்றார்கள்.

அடுத்த வாரம் கிளெமின் கூட்டாளி வில்ஃப் என்னைத் தேடி வந்தார். தங்கத்துக்காக அவர்தான் கிளெமைக் கொன்றார் என்று ஊரே இத்தனை வருடமாகப் பேசியது.

"தம்பி, உன் ஆளு யாரு குரலைக் கேட்டான்?"

"என் குரலை."

வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதார். "கிளெமும் அப்படித்தான் 'சரி வர்றேன், சரி வர்றேன்'னான். நான் வாயே திறக்கல. சொன்னா எவன் நம்பினான்?"

எனக்குப் பாவமாக இருந்தது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

"அவர் கஷ்டப்படல ஐயா. விழுந்த உடனே உயிர் போயிடுச்சாம்."

வில்ஃப் அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்.

"உடனேயா? அதுக்கப்புறம் ரெண்டு நாள் ரேடியோவுல என்னைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தானே... 'வில்ஃப், அப்படியே பின்னாடி வா'ன்னு."