வீட்டில் தமிழ் நிறுத்தப்பட்ட மாதங்கள்

எது எந்த மாதம் நடந்தது என்று நினைவில் வைத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. அதனால் என் மகளுக்குப் பேச்சு முதலில் தட்டித் திக்கியது எப்போது என்று உறுதியாகச் சொல்ல முடியும். ஓண விடுமுறை முடிந்து அங்கன்வாடி திறந்த வாரம் அது. அவளுக்கு நான்கு வயது நிறைந்திருக்கவில்லை. கேரள எல்லையோரப் பாறசாலையில் ரயிலிறங்கி, கொல்லயிலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஓடி வந்து, "அப்பா, பூ... பூ... பூ... பூன குட்டி போட்டுது" என்றாள். நான் சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

அந்த வயதில் நினைப்பு முன்னே ஓட நாக்கு பின்னே வரும் என்றும், பல பிள்ளைகளுக்கு அது தானாகவே நின்றுவிடும் என்றும் படித்திருந்தேன். அதனால் நானும் மனைவியும் பொருட்படுத்தவில்லை. மார்கழிக்குள் அது வேறு விதமாகிவிட்டது. முதல் எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது போய், வாய் திறந்தபடி இருக்க ஒலியே வராமல் நின்றது. கண்ணை இறுக்கி மூடுவாள். கையால் தொடையில் ஓங்கித் தட்டினால்தான் சொல் வெளியே விழும்.

ஒரே வளவில் பக்கத்து வீடு என் அண்ணனுடையது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என் மகள் பாதி நாள் அங்கேதான் இருப்பாள். அண்ணன் தென்னையும் வாழையும் பார்த்துக்கொள்கிறவர், பேச்சு குறைவு. அவர் மனைவி, எங்கள் மைனி, மலையாளப் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்கு ஆசிரியை. இரண்டு வீட்டு முடிவுகளும் பெரும்பாலும் மைனி வழியாகத்தான் வரும். இதுவும் அப்படித்தான் வந்தது.

"ரெண்டு பாஷையும் போட்டு பிள்ளைக்க நாக்கக் கொழப்புதிய. அங்கன்வாடியில மலையாளம், வீட்டுல தமிழ். அது எதத்தான் பிடிக்கும்? தமிழ நிறுத்துங்க. ஜூன்ல பள்ளிக்கூடம் போவணும் கேட்டியளா."

"நிறுத்தினா அவ தமிழ மறந்திர மாட்டாளா மைனி?" என்றாள் என் மனைவி.

"வீட்டு பாஷையாக்கும் பிள்ள, அது எங்க போவப் போவுது? பொறவு தானா வரும்."

எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. எங்கள் பகுதியில் ஒரே வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர்கள்தான் அதிகம். பிள்ளைக்கு எது தட்டினாலும் முதல் பழி அந்தக் கலப்பின் மேல் விழும். தை மாதத்திலிருந்து இரண்டு வீட்டிலும் மலையாளம் மட்டும் என்றாயிற்று. முதல் வாரம் வேடிக்கையாகக்கூட இருந்தது. பால் பாத்திரத்தை உருட்டிய பூனையை மனைவி தமிழில் திட்டிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு முற்றத்தில் நின்ற மைனியைப் பார்த்தாள்.

"பூனைக்கும் மலையாளந்தானா மைனி?"

"பூனைக்குத் திக்கு இல்ல பிள்ள. நீ அதுகிட்ட எதுல வேணும்னாலும் பேசு."

சில வாரங்களில் திக்கு குறைந்தது. மைனிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. பேச்சே குறைந்ததால்தான் திக்கும் குறைந்தது என்று எங்களுக்கு உறைக்க மாசி ஆகிவிட்டது. தண்ணீர் வேண்டுமென்றால் குடத்தைக் காட்டினாள். அங்கன்வாடியில் என்ன நடந்தது என்று கேட்டால் தோளைக் குலுக்கினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றாள். என்ன என்று மனைவி மலையாளத்தில் கேட்டாள். பிள்ளை வாயைத் திறந்தாள். பெரியம்மா நிற்கிறார்களா என்று பக்கத்து வீட்டைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். கண்ணீர் மட்டும் வழிந்தது. தொட்டுப் பார்த்தால் காய்ச்சல் கொதித்தது. காதுக்குள் சீழ் பிடித்திருக்கிறது என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். வலி நேற்றோ முந்தாநாளோ தொடங்கியிருக்க வேண்டும் என்றார்.

ஆட்டோவில் திரும்பி வரும்போது மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "எனக்க மக்கா, எங்க நோவுதுன்னு எங்கிட்ட எதுல வேணும்னாலும் சொல்லு. எத்தன நேரமானாலும் நான் கேப்பேன்" என்று தமிழில் சொன்னாள். என்னைப் பார்க்காமலே, "காது சரியானதும் பேச்சுக்கு ஆள் பாக்கணும். இனி காத்திருக்க முடியாது" என்றாள்.

நெய்யாற்றின்கரையில் பேச்சுப் பயிற்சி தரும் ஓர் இளம்பெண்ணிடம் போனோம். மைனியும் வந்தார். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து என் மகளோடு விளையாட்டுச் சட்டி பானையில் சோறு வைத்தாள். சொல் நின்றபோதெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள், எடுத்துக் கொடுக்கவில்லை. பிறகு எங்களிடம் பேசினாள். சில வாரம் தட்டுவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் மாதக்கணக்கில் நீடித்தால், முகம் இறுகினால், பிள்ளை பேசுவதையே தவிர்க்கத் தொடங்கினால் உடனே காட்டிவிட வேண்டும். இரண்டு மொழி பேசுவதால் திக்கு வராது. ஒன்றைப் பிடுங்குவதால் போகவும் செய்யாது. 'மெல்லப் பேசு' என்று பிள்ளையிடம் சொல்வதைவிட நாமே மெல்லப் பேசுவது நல்லது.

கடைசியில், "குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன்.

"உண்டு" என்றார் மைனி. "இவளுக்க பெரியப்பாவுக்கு."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே அண்ணன் பேச்சு குறைந்தவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் வைத்திருந்தோம். போன் வந்தால் மைனி எடுப்பதும், கடையில் அவர் கையை மட்டும் நீட்டுவதும் அவருடைய சுபாவம் என்றே நினைத்திருந்தேன். வெளியே வந்ததும் மைனி தூணோரம் நின்றார். "கல்யாணத்தன்னைக்கு அவரு எனக்க பேரச் சொல்லத் தொடங்கி முடிக்கல. அன்னையிலேந்து அவருக்க வாயி நானாக்கும். இந்தப் பிள்ளைக்கும் அந்தக் கெதி வரப்பிடாதுன்னுதான்..." அழுதார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தினமும் யாராவது ஒருவர் கொஞ்ச நேரம் அவசரமில்லாமல் பிள்ளையோடு உட்கார வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். அன்று சாயங்காலம் யார் என்று பேச்சு வந்தது. நான் வீடு சேர நேரமாகிவிடும். மனைவிக்கு அடுக்களை வேலை. அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"நா... நா..."

எடுத்துக் கொடுக்க மைனியின் உதடு அசைந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"...நான் இருக்கேன்."

என் மகள் அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள். அருகில் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பெ... பெரியப்பாக்கும் வார்த்த நிக்குமா?" என்றாள், தமிழில்.

"நிக்கும் மக்கா."

"பொறவு?"

"பொ... பொறவு வரும்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எனக்கும் வரும்" என்றாள். பிறகு அங்கன்வாடியில் ஒருத்தி இவள் சப்பாத்தியைப் பிடுங்கித் தின்ற கதையைத் தொடங்கினாள். நீளமான கதை. நான்கைந்து இடத்தில் நின்றது. நாங்கள் யாரும் எழுந்து போகவில்லை.