ஒரே நாய், இரண்டு ஊசி

எங்களைக் கடித்தது ஒரே நாய்தான். ஆவடி குவார்ட்டர்ஸில் ரேஷன் கடைக்குப் போகும் வழியில் என் கெண்டைக்காலைக் கவ்வியது. என்னை இழுக்க வந்த தம்பியின் கையையும் பதம் பார்த்தது. எண்பதுகளின் கடைசி. எனக்குப் பதினொன்று, அவனுக்கு ஒன்பது. நாய் ஓடிவிட்டது, கட்டிவைத்து, சாகிறதா என்று பத்து நாள் பார்க்க வழியில்லை. ஊசி போட்டே ஆகவேண்டும்.

ஊசி இரண்டு விதம். ஆஸ்பத்திரியில் இலவசமாகப் போட்டது ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து. தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு. கடையில் கிடைத்தது புதுசு. கையில் ஐந்தே ஐந்து, ஆனால் யானை விலை. ஒரு பிள்ளைக்குத்தான் வாங்க முடியும் என்றார் அப்பா. எந்தப் பிள்ளைக்கு என்று வீட்டில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

தம்பியின் மருந்து அம்பத்தூரிலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் வந்து, எதிர்வீட்டு டீச்சரின் ஃப்ரிட்ஜில் இருந்தது. கரண்ட் போனால் போதும், அம்மா ஓடிப்போய், "கதவத் தொறக்காதீங்க டீச்சர்" என்று காவல் நிற்பாள்.

எனக்கு ஊசி போட்ட நர்ஸ் முதல் நாளே கேட்டார். "கூடக் கடிபட்ட பையன் எங்கம்மா?"

"அவனுக்குக் கையில போட்டுகினு கீறோம்" என்றாள் அம்மா.

நர்ஸ் பஞ்சால் என் வயிற்றைத் துடைத்தார். "இதுவும் உசுரக் காப்பாத்தும். ஆனா எப்பவாச்சும் யாருக்காவது கை கால் இழுத்துக்கும். பாப்பாவுக்குக் கால் மரத்துப்போனா உடனே இட்டுகினு வா."

அம்மா தலையாட்டினாள். மறுநாளிலிருந்து கண் விழித்ததும் என் காலை நானே கிள்ளிப் பார்ப்பேன். வலித்தால்தான் உயிர் வரும். வயிறு வீங்கிப் பாவாடை நாடாவை இறுக்க முடியாது. தம்பியோ மூன்றாவது ஊசிக்கே ஐஸ்கிரீம் கேட்டு அடம்பிடித்தான், வாங்கியும் கொடுத்தார்கள். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்.

பதினாலாவது ஊசி முடிந்து பஸ்ஸில் திரும்பும்போது அம்மா என் காதோரம் குனிந்தாள். "வயித்துல ஊசி போட்டத யாராண்டயும் சொல்லாத. நாளைக்குப் பொண்ணு பாக்க வர்றவங்க, கொழந்த பொறக்குமான்னு சந்தேகப்படுவாங்க."

எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. அம்மாவின் பயம் பொய்யாகிவிட்டது. ஆனால் அந்தப் பயம் அவளுக்கு அன்று பஸ்ஸில் வந்ததல்ல. முதல் நாளே இருந்திருக்கிறது. இருந்தும், என் வயிற்றைத்தான் காட்டச் சொன்னாள்.