கழுத்து எக்ஸ்ரேயும் மூன்று வெள்ளைப் பூவும்

மாரியம்மனை நம்பி வாழும் சொந்தங்களே, பயம் என்றால் என்னவென்று எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

புதுச்சத்திரம் பக்கம் எங்கள் காடும் வீடும். ஒரு நாள் விடிந்ததும் என் வீட்டுக்காரர் காபி டம்ளரை வாங்கினார். கை தாங்கவில்லை, நழுவி விழுந்தது. என்னைத் திட்ட வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கம் கோணியது, பேச்சு குழறியது. ஐயோ, என் உயிரே போய்விட்டது! கால்மணி நேரத்தில் எல்லாம் சரியானது.

"ஒண்ணுமில்ல புள்ள, கழுத்துச் சுளுக்கு. வழிச்சு உட்டாச் செரியாப் போயிரும்" என்றார்.

எங்கள் பக்கம் கை மரத்துப் போனாலும் சுளுக்கு எடுப்பவரைத்தான் கூப்பிடுவோம். விளக்கெண்ணெய் தடவி, கழுத்தை அழுத்தி நீவி, ஒரு திருகு திருகுவார். ஆள் சொல்லி அனுப்பினோம். மறுநாள் வருவதாகச் சொன்னார்.

எனக்கு மனசே ஆறவில்லை. அந்தக் கோணல் வாய் கண்ணிலேயே நின்றது. மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப் பூசாரியிடம் பூ கேட்டேன். சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, ஆத்தா முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார். பொட்டலத்தில் சிவப்பு வந்தால் சுளுக்கு எடுப்பது, வெள்ளை வந்தால் சேலத்து டாக்டர். மறைக்காமல் சொல்கிறேன், சிவப்பு வரட்டும் என்றுதான் அழுதேன். டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று அவ்வளவு பயம். வெள்ளை வந்தது. மறுபடியும் போடச் சொன்னேன். வெள்ளை. மூன்றாம் முறையும் அதே.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஆத்தா மூணுவாட்டி சொல்லிப்போட்டா. இன்னும் என்னம்மா கேக்கற?"

அன்றே பஸ் ஏறினோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். டாக்டர் அவர் கழுத்தில் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி, படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கழுத்தெலும்புக்குப் பக்கத்தில், நொறுங்கின முட்டை ஓடு மாதிரி வெள்ளைத் துணுக்குகள்.

"இது எலும்பு இல்லம்மா. மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல கொழுப்பு படிஞ்சு, சுண்ணாம்பு கட்டியிருக்கு. கழுத்த யாராவது அமுக்கிவிட்டாங்களா?"

"நாளைக்கு வாராருங்க" என்றேன்.

"தொடவே விடாதீங்க! ஒரு துணுக்கு பேந்து மூளைக்குப் போனாப் பக்கவாதம். உயிருக்கே ஆபத்து."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து "ஆத்தா, ஆத்தா" என்று அழுதேன்.

மாத்திரை கொடுத்தார்கள். அவர் பீடியை அன்றோடு விட்டார். ஆனாலும் என் பயம் லேசில் போகவில்லை. டம்ளரை நீட்டும்போதெல்லாம் அவர் விரல்களையே பார்ப்பேன். மூன்று வருஷம் ஆயிற்று, இன்னும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

சொந்தங்களே, கலங்கும்போது அவளிடம் கேளுங்கள். நீங்கள் நினைத்ததற்கு மாறாக வந்தாலும் எழுந்து போங்கள். அன்று நான் அழுது கேட்ட சிவப்பை அவள் கொடுத்திருந்தால், இன்று காலையில் நான் யாருக்குக் காபி ஆற்றியிருப்பேன்?