அடிக்காமல் விட்ட துக்க மணி

கொள்ளிடக்கரையில், ஏலாக்குறிச்சிக்குக் கிழக்கே இருந்த எங்கள் சின்ன ஊரில் மாதா கோயில் மணி அடிப்பவள் செபஸ்தியம்மாள். புருஷன் பார்த்த வேலை; அவர் போன பிறகு கயிறு இவள் கைக்கு வந்தது. அறுப்புக்கு அறுப்பு ஊர் அளக்கும் நெல்தான் அவளுக்குக் கஞ்சி. ஆனால் வாய்க்கு மட்டும் யாரும் பூட்டுப் போட முடியாது.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால் உடனே துக்க மணி அடிக்க வேண்டும். ஆணுக்கு மும்மூன்றாக, பெண்ணுக்கு இரண்டிரண்டாக, குழந்தைக்குச் சின்ன மணி. வயலில் நிற்பவர்களும் கேட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மணி அடிக்காமல் புதைப்பது அனாதைப் பிணத்தை மட்டும்தான்.

1943-இல், தேர்த் திருவிழாவுக்கு முந்தின வாரம் ஊருக்குள் வாந்திபேதி நுழைந்தது. முதல் ஆள் இறந்தவுடனேயே சுகாதார இன்ஸ்பெக்டர் காசிநாதன் வந்துவிட்டார். நாட்டாண்மை ஞானப்பிரகாசத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செபஸ்தியம்மாளைக் கூப்பிட்டார்.

"துக்க மணி வேணாம்மா. ஜனங்க பயந்து அங்கங்க ஓடினா நோயும் கூடவே போவும். திருச்சியிலேருந்து ஊசி மருந்து வரட்டும், நாங்களே சொல்றோம். அதுவரைக்கும் யார் கேட்டாலும் அஜீரணம்னு சொல்லு."

"அப்பத் தேரு?"

"தேரு நடக்கும்" என்றார் நாட்டாண்மை.

"வெளியூரு சனமும் நம்ம கொளத்துத் தண்ணியத்தான குடிக்கும்? அதுங்ககிட்டச் சொல்ல வேணாமா?"

பதிலாக மணிக்கயிற்றைக் கழற்றிப் பூட்டி வைத்தார்கள். இரண்டு ஆண்கள், ஒரு பெண், ஒரு குழந்தை என்று நாலு பேர் மணியில்லாமல் மண்ணுக்குள் போனார்கள்.

நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது. ஜனங்கள் பயப்படுவார்களாம்! மருந்து ஏன் இன்னும் வரவில்லை என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று இவர்களுக்குத்தான் பயம்.

செபஸ்தியம்மாளின் கவலை வேறு. மகள் இன்னாசிமேரிக்கு இரண்டாவது பிள்ளை புகுந்த ஊரிலேயே பிறந்திருந்தது. இவள் இன்னும் முகம் பார்க்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள் மகள். வர வேண்டாமென்று சொல்லியனுப்பலாம் என்றால், அந்தப் பக்கம் போகும் ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை.

தேரன்று காலை ஆற்றங்கரைச் சாலையில் மாட்டு வண்டிகள் வரிசையாகத் தெரிந்தன. செபஸ்தியம்மாள் உலக்கையைத் தூக்கிக்கொண்டு மணிக்கூண்டில் ஏறினாள். கயிறில்லாத மணியை உலக்கையாலேயே அடித்தாள். மும்மூன்று. மறுபடியும் மும்மூன்று. பிறகு இரண்டிரண்டு. கடைசியில் சின்ன மணி.

தேர்நாளில் துக்க மணியா? அதுவும் அடுத்தடுத்து நாலா? வண்டிகள் பனந்தோப்பிலேயே நின்றுவிட்டன. மேலேயிருந்து அவள் தொண்டை கிழியக் கத்தினாள்.

"ஊருக்குள்ள வாந்திபேதி! வராதீங்க! தண்ணியக் காய்ச்சிக் குடிங்க! எங்கயும் ஓடாதீங்க, அவங்கவங்க வூட்டுலயே இருங்க!"

யாரும் சிதறி ஓடவில்லை. வண்டிகள் வந்த வரிசையிலேயே திரும்பின.

கீழே நாட்டாண்மை குதித்தார். "எறங்கு! இப்ப யாரு செத்தான்னு அடிக்கிற?"

"இப்ப யாரும் சாவல. அனாதையாட்டம் பொதைச்சீங்களே, அந்த நாலு பேருக்கு அடிச்சேன்."

"உன் வேல போச்சு, தெரியும்ல?" என்றார் காசிநாதன்.

அவள் உலக்கையோடு இறங்கி வந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. குரல் மட்டும் இறங்கவில்லை.

"போவட்டும் சார். அந்த வண்டிங்கள்ல ஒண்ணுல எம் பேத்தி போறா. இன்னும் மொகம் பாக்கல. அவளுக்குச் சின்ன மணி அடிக்கிற வேல எனக்கு வேணாம்."