நூறு சதவீதத் தேர்ச்சி

எங்கள் ஊர் அரசுத் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் அந்த வருடம் பத்தாம் வகுப்பில் நான் ஒருத்திதான். ஆனேக்கல்லைத் தாண்டிய சின்ன ஊர் அது. கல்குவாரிக்கும் ரோஜாத் தோட்டத்துக்கும் மாநில எல்லை தாண்டி வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். உடன் படித்தவர்கள் சிலர் டவுனில் இங்கிலீஷ் மீடியத்துக்குப் போனார்கள், மற்றவர்கள் கார்மெண்ட்ஸ் வேலைக்கு. என்னை மாற்றும் பேச்சே வீட்டில் எழவில்லை. ஆசிரியர்களும் ஒவ்வொருவராக மாற்றலாகிப் போக, மிஞ்சியவர் தலைமை ஆசிரியை மேடம் மட்டும். நகரத்துக்குள் இருக்கும் ஆஸ்டின் டவுனிலிருந்து பஸ் மாறி மாறி வருவார்.

எனக்குக் கணக்கு வராது. மாதிரித் தேர்வில் தவறியபோது மேடம் திட்டவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“நீ ஃபெயிலானா ஸ்கூல் ரிசல்ட்டே சைபர்மா. ஸ்கூலை மூடறதுக்கு எஜுகேஷன் ஆபீஸ்காரங்களுக்கு வேற காரணமே வேணாம்.”

அதற்குப் பிறகு பகலெல்லாம் கணக்கு. கனவிலும் கணக்குப் போட்டேன். எப்படியோ தேறினேன்.

மேடம் பள்ளிச் சுவரில் ‘நூறு சதவீதத் தேர்ச்சி’ என்று தன் கையாலேயே பெயிண்டில் எழுதினார். புதிதாகப் பிள்ளைகள் சேராவிட்டால் பள்ளி இல்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்களாம். வெயிலில் என்னையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறினார். குவாரிக்காரர் ஒருவர் கேட்டார்: “எத்தினி பேரு மேடம் எழுதனாங்க?”

“ஒருத்தி” என்றார் மேடம். குவாரிக்காரர் சிரித்துவிட்டார்.

பிள்ளைகள் இருந்த வீடுகளில் கடைசி எங்களுடையது. ஏழாவது முடித்த தம்பி எங்கள் பள்ளியில் எட்டாவது சேர வேண்டியவன். அம்மா காபி கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். நேத்துதான் அவங்கப்பா டவுன்ல சேத்துட்டு வந்தாரு. இவ பாஸானது உங்க புண்ணியம். அவன் பையனாச்சே, அதான்…”

எனக்கே அப்போதுதான் தெரியும். மேடத்தின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றேன்.

மேடம் காபியை மெதுவாகக் குடித்து முடித்தார். “பரவால்லம்மா. எம் பசங்களையும் நான் பிரைவேட்லதான் படிக்க வெச்சேன்.”

அந்த ஜூனில் பள்ளி திறக்கவில்லை. நான் இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறேன். மேடம் எங்கே இருக்கிறாரோ தெரியாது. அன்று எங்கள் வீட்டைவிட்டு இறங்கியவர், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினார். அங்கே வயதான புருஷன் பெண்டாட்டி இருவர் மட்டும்தான். அது மேடத்துக்கும் தெரியும். மறுபடியும் தட்டினார்.