பெண் வீட்டாருக்கு மட்டும் பேதி

வெள்ளைக்காரன் காலத்தில் நான் சுகாதார இன்ஸ்பெக்டர். ஊர்த் தொகுதியை நாடு என்றழைக்கும் கொல்லிமலையில், திண்ணனூர் நாட்டுச் சிற்றூர் ஒன்றில் காலரா என்று தகவல் வந்ததும், பிளீச்சிங் பவுடரும் மருந்துப் பெட்டியுமாக முள்ளுக்குறிச்சியிலிருந்து மலையேறினேன்.

மேலே போனால் காலராவைக் காணோம். கஞ்சித் தண்ணீர் போலப் போகும் பேதி இல்லை இது. வயிற்றுவலியோடு பேதி, வாந்தி, காய்ச்சல். படுத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே சொந்தம். அரியூர் நாட்டில் மாப்பிள்ளை வீட்டுக் கல்யாண விருந்துக்குப் போய், மறுவீட்டுக்குப் பெண்ணையும் அழைத்துக்கொண்டு திரும்பியவர்கள். மாப்பிள்ளை பக்கம் ஒருவருக்கும் ஒன்றுமில்லையாம்.

"மருந்து வச்சுட்டாங்க சாமி," என்றார் பெண்ணின் அப்பா, பாயில் சுருண்டபடி. "இனிப் பொண்ணை அனுப்பறதா இல்லீங்க."

பெண்ணோ திடமாக நடமாடிக்கொண்டிருந்தாள். அதனாலேயே அவளுடைய அத்தைக்கு அவள் மேலும் சந்தேகம். பெண்ணுக்கு அழுது அழுது கண்கள் சிவந்திருந்தன.

"நீ கறி திங்கலையா, கண்ணு?" என்று அவளிடம் கேட்டேன்.

"அங்க சுடச்சுடத் தின்னேனுங்க. இங்க வந்து எலையைப் பிரிச்சா கொழுப்பு ஒறஞ்சு கெடந்துச்சு. தொடவே புடிக்கலீங்க."

"எந்த எலை?"

பெண்ணின் அம்மா பதில் சொன்னாள்: "சம்பந்தி ஊட்டுல பன்னிக்கறி பங்கு கட்டிக் குடுத்தாங்க. மக்யா நாள் மத்தியானம் தின்னோமுங்க."

"சுட வச்சீங்களா?"

"நடந்து வந்த அலுப்புங்க. ஆரு அடுப்புப் பத்த வெக்கறது?"

எனக்கு மனசு லேசாகிவிட்டது. விருந்தில் சூடாகத் தின்றதோடு நின்றவர்கள் தப்பினார்கள். ராத்திரி முழுக்க இலைக்குள் புழுங்கிய கறியைத் தின்றவர்கள் படுத்தார்கள். இதைத்தான் அவர்களிடம் சொன்னேன். அப்பா லேசில் மசியவில்லை.

"கறி அவங்க ஊட்டுதுதானுங்களே?"

"அதே பானையில அவங்களும்தான் தின்னாங்க. மருந்து வச்சிருந்தா அவங்களுக்கும் போயிருக்கணுமே!"

"அதுவுஞ் சரிதானுங்க," என்று அவர் பாயில் நிமிர்ந்து படுத்தார். அத்தை மட்டும் முனகிக்கொண்டே புரண்டு படுத்தாள்.

காய்ச்சி ஆறிய தண்ணீரும் உப்புக் கஞ்சியும் கொடுக்கச் சொல்லி அங்கேயே தங்கினேன். ஒவ்வொருவராக எழுந்து உட்கார்ந்தார்கள். சேதி கேட்டு மாப்பிள்ளையும் வந்தார். உள்ளே வரப் பயந்து, வாசலில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார்.

"உள்ளார வாங்க மாப்ளே," என்றார் மாமனார். "கையில எலைப் பொட்டணம் எதுவும் இல்லீங்களே?"

வீடே சிரித்தது. பெண் அடுப்படிக்குள் ஓடிவிட்டாள். மறுநாள் காலையில் இருவரும் அரியூர் நாட்டுப் பாதையில் இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன்.