முனிரத்தினம் வைத்த மைக்கா

குடிபாலாவிலிருந்து போன் வந்தபோது கல்லூரி ஆய்வகத்தில் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். முனிரத்தினத்தின் தம்பி பேசினார். "அண்ணன் காலைல போய்ட்டாரு சாமி. பேக்டரிக்குக் கெளம்பிக்கினு இருந்தாரு. நெஞ்சப் புடிச்சிக்கினு உக்காந்தாரு, அவ்ளோதான்." ஏதோ ஆறுதல் சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. இனி அந்த விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நிம்மதிதான் வந்தது. ஒரு நொடிதான் இருந்தது, ஆனால் இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முனிரத்தினத்தைச் சித்தூர் பக்கம் பலருக்குத் தெரியும். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். சீசனில் முழு வேலை, மற்ற மாதங்களில் கூப்பிட்டால்தான் வேலை. மிச்ச நேரத்தில் ஆம்ப்ளிஃபையர் செய்வார். சித்தூரில் ஓர் உதிரிபாகக் கடையில் ஆம்ப்ளிஃபையருக்காக நான் வாங்கிய ஐசி சில்லைக் கையில் எடுத்துப் பார்த்து, மேலிருந்த எழுத்தை நகத்தால் சுரண்டினார். எழுத்து அப்படியே உதிர்ந்தது. "டூப்ளிகேட் சாமி, வேற குடுக்கச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் அறிமுகம். நான் திருப்பதியில் இயற்பியல் நடத்துகிறவன். அவர் பத்தாவதோடு நின்றவர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அதன்பின் ஞாயிறுதோறும் என் வீட்டு மாடி அறையில் சேர்ந்து உட்கார்ந்து, ஈயம் உருக்கிச் சால்டர் வைத்தோம்.

புதிதாகச் செய்த எதையும் அவர் நேராகக் கரண்டில் சொருகமாட்டார். அவரிடம் ஒரு சின்னப் பலகை, அதில் ஹோல்டர், ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு. கரண்ட் அந்தப் பல்பைத் தாண்டித்தான் செட்டுக்குள் போகும். பளிச்சென்று எரிந்து மங்கினால் செட் நல்லது, எரிந்தபடியே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட். எனக்கும் ஒரு பலகை செய்து கொடுத்தார். ஒருமுறை ஸ்பீக்கரில் 'உர்' என்று இரைச்சல் நிற்கவே இல்லை. நான் காகிதத்தில் சூத்திரம் எழுதி, கபாசிட்டரை மாற்றச் சொன்னேன். அவர் கிரவுண்டு கம்பிகள் எல்லாவற்றையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். இரைச்சல் அடங்கியது. "கணக்கு சரிதான் சாமி. கம்பிக்குத்தான் அது தெரியல" என்றார். சிரித்தேன். உள்ளே கொஞ்சம் கோபமும் வந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன் என் பெரியப்பாவுக்குச் சதாபிஷேகம் வந்தது. பிரபந்தம் ஓதும் கோஷ்டிக்கு மைக் வேண்டும் என்று முனிரத்தினத்திடம் ஒரு செட் செய்யச் சொன்னேன். மண்டபத்துக்காரர் எங்களுக்குத் தூரத்து உறவு. அன்று சத்தம் நன்றாக இருந்தால், தம்முடைய மூன்று மண்டபங்களின் மைக் வேலையையும் முனிரத்தினத்துக்கே நிரந்தரமாகத் தருவதாகச் சொல்லியிருந்தார். கிடைத்தால் தொழிற்சாலையை விட்டுவிடலாம் என்று முனிரத்தினம் இருந்தார். செட்டை முடித்து என்னிடம் கொடுத்துவிட்டு மாங்காய் சீசனுக்குப் போனார்.

என் கை சும்மா இருக்கவில்லை. ஐசியின் முதுகு உலோகம், அதில் மைனஸ் கரண்ட் இருக்கும். அந்த முதுகுக்கும், சூட்டை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டைக்கும் நடுவில் மெல்லிய மைக்கா தாள் வைப்பது வழக்கம். சூடு கட்டைக்குப் போகும், கரண்ட் போகாது. அந்தத் தாள் சூட்டைத் தடுக்கிறது என்று என் எம்.எஸ்சி. மூளைக்குப் பட்டது. உருவி எடுத்துவிட்டேன். மரப்பலகையில் ஒரு வாரம் அருமையாகப் பாடியது, ஐசியும் முன்னைவிடக் குறைவாகவே சுட்டது. முனிரத்தினத்துக்கே பாடம் எடுக்கலாம் என்றிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்து மூடினேன். அந்தக் கட்டைக்கும், கிரவுண்டோடு சேர்ந்திருந்த பெட்டிக்கும் நடுவில் பெயிண்ட் மட்டும்தான் இருந்தது.

கோஷ்டி பாதியில் இருந்தபோது யாரோ பெட்டியை நகர்த்தினார்கள். உள்ளே பெயிண்ட் உராய்ந்து கட்டை பெட்டியைத் தொட்டிருக்க வேண்டும். சத்தம் நின்றது. ப்யூஸ் போயிருந்தது. பல்பு பலகை என் பைக்குள்தான் இருந்தது. அத்தனை உறவினர் முன்னால் பல்பை மாட்டிக்கொண்டு உட்கார வெட்கமாக இருந்ததால், ப்யூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றி ஸ்விட்சைப் போட்டேன். டிரான்ஸ்ஃபார்மர் புகைந்தது. பெரியப்பா மேடையில் இருமினார். முனிரத்தினம் ஷிப்ட் முடித்து நேராகப் பஸ் ஏறி வந்து வாசலில் நின்றிருந்தார், தன் செட் பாடுவதைக் கேட்பதற்காக.

இதை யார் செய்தது என்று மண்டபத்துக்காரர் கேட்டார். "முனிரத்தினம்தான்" என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதும் இல்லை.

முனிரத்தினம் மூடியைத் திறந்தார். ஐசியின் பின்னால் விரலை வைத்துப் பார்த்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பிறகு மண்டபத்துக்காரரிடம், "என் தப்புதான் சாமி. மைக்கா வெக்க மறந்துட்டன்" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இந்த மாதிரி ஆட்களை நம்பினால் இப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள், அப்போதும் நின்றேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னதற்கு, "துன்னுட்டுதான் வந்தேன் சாமி" என்றார். ஷிப்டிலிருந்து நேராக வந்தவர் எங்கே சாப்பிட்டிருப்பார்? படியிறங்கும் முன் சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து என் கையில் வைத்தார். உள்ளே இரண்டு மைக்கா தாள். "அடுத்த தபா வைங்க" என்றார்.

அதற்குப் பிறகும் ஞாயிறுகளில் வந்தார். அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இந்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்துக் காபி கொடுப்பேன், காபியோடு முடிந்துவிடும். மண்டப வேலை வேறொருவருக்குப் போனது. உதிரிபாகக் கடையில் 'மைக்கா மறந்தவர்' என்று கிண்டல் செய்வார்களாம். அவரும் கூடச் சிரிப்பாராம். கடைசிவரை தொழிற்சாலைக்கே போய்க்கொண்டிருந்தார்.

போன் வந்த மறுநாள் குடிபாலாவில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சரோஜா என்னைப் பார்த்ததும் கேட்டார்: "சோத்துக்கு உப்பு போட்டியான்னு தெனம் என்னைக் கேக்கறவரு சாமி. மறக்கற ஆளே இல்ல. அன்னிக்கி எப்டி மறந்தாரு? நீங்க கூடத்தான இருந்தீங்க." மறுபடியும் எனக்கு வாய் திறக்க வாய்ப்புக் கிடைத்தது. "பழைய கதை, விடுங்கம்மா" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மண்டபத்துக்காரருக்கும், கடைக்காரர்களுக்கும், அவரை அறிந்த எல்லாருக்கும் சொல்கிறேன். முனிரத்தினம் மைக்கா வைத்தார். எடுத்தது நான்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் கவர்தான், இப்போது மேஜைமேல் இருக்கிறது. இதை அச்சில் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவும் முடியாது. சரோஜா படித்தது தெலுங்குப் பள்ளியில், தமிழ் பேசத்தான் தெரியும். ஞாயிற்றுக்கிழமை குடிபாலாவுக்குப் போய், அவர் எதிரில் உட்கார்ந்து, இதை நானே வாய்விட்டுப் படிக்க வேண்டும்.